டோபிக்குத் துணை தேடிய பட்லர்

சாந்தோமில், கோவில் மணியும் கடல் இரைச்சலும் ஒன்றாகக் காதில் விழும் சந்து ஒன்றில் பவுல்சாமி குடியிருந்தார். வெறும் பவுல்சாமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்லர் பவுல்சாமி என்றால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வீட்டைக் காட்டுவார். ஆள் நல்ல உயரம். தொந்தியும் அந்த உயரத்துக்குக் குறை வைக்காமல் வளர்ந்திருந்தது. சின்ன வயதில் அடையாற்றங்கரை பங்களா ஒன்றில் தட்டு கழுவப் போனவர், மெல்ல மெல்ல மேலே வந்து சமையற்கட்டுக்கே அதிபதியாகிவிட்டார். ஒரு துரை சீமைக்குப் போனால் அடுத்த துரை, அவர் போனால் இன்னொருவர் என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்.

அதிலும் முயல் கறியில் அவரை மிஞ்ச ஆளில்லை. துரைகள் செங்கல்பட்டுப் பக்கம் வேட்டைக்குப் போய் வருவார்கள். கூடப் போன ஷிகாரி, அதாவது வேட்டைக்காரன், முயலை உரித்துச் சுத்தம் செய்து சமையற்கட்டில் வைத்துவிட்டுப் போவான். அதற்கப்புறம் அது பவுல்சாமியின் பாடு. ரோஸ்ட் போடுவார், ஸ்டூ வைப்பார், மேலே மாவுப் போர்வை போட்டு அடுப்பில் சுட்டெடுப்பார். "பவுல் சமைத்த முயலைப் பார்த்தால் உயிரோடிருக்கிற முயலுக்கே பொறாமை வரும்" என்று ஒரு துரை விருந்தாளிகளிடம் சொன்னாராம். பவுல்சாமி இதைச் சந்தில் உள்ள எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். சிலரிடம் பல தடவை.

அப்படிப்பட்ட மனிதர் கையில்தான் இரண்டு முயல்கள் உயிரோடு வந்து சேர்ந்தன.

நாற்பத்தேழாம் வருஷம் அவருடைய கடைசித் துரை மூட்டை கட்டினார். நாற்காலி, மேஜை, பியானோ எல்லாம் ஏலத்தில் போயின. துரைசானி மட்டும் தோட்டத்தில் ஒரு மரக்கூண்டின் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள் அவளுடைய மகள் வளர்த்த முயல்கள். மகள் முன்பே சீமைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். "பவுல், இவர்களை நீ பார்த்துக்கொள்வாய் அல்லவா?" என்று துரைசானி இங்கிலீஷில் கேட்டாள். முப்பது வருஷமாக "நோ" என்கிற வார்த்தையை வாயில் வைத்துப் பழகாத பவுல்சாமி, "எஸ் மேடம்" என்றார்.

கைவண்டியில் கூண்டு வந்து இறங்கியதும் அவர் மனைவி மர்சலின் முதலில் முயலைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் வச்சிருந்தா இன்னும் கொஞ்சம் சதை போடும், இல்லீங்க?"

"அத்தத்தான் நானும் யோசிச்சேன்" என்றார் பவுல்சாமி.

கிறிஸ்துமஸ் வந்தது. பவுல்சாமி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சேவலைப் பிடித்து வந்தார். அதற்குள் மர்சலினே இரண்டு முயலுக்கும் தினம் கொத்துமல்லிக்கட்டு வாங்க ஆரம்பித்திருந்தாள். ஒரே மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்த வீடு அது. பின்கட்டில் இரண்டு உயிர் ஓடியாடுவது நன்றாகத்தான் இருந்தது.

பழுப்பு நிறத்தில் பெரிதாக இருந்தது டோபி. வெள்ளை உடம்பில் ஒரு காது மட்டும் கறுப்பாக இருந்தது பான்சி. டோபி ஆண், பான்சி பெண் என்று துரைசானி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பேரை மாற்றக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். இதில் ஒரு சங்கடம். அந்தத் தெருவுக்கு வெளுக்கிற டோபி ஏகாம்பரம் வாரத்துக்கு ஒரு நாள் மூட்டையோடு வருவார். ஒரு நாள் அவர் வாசலில் நிற்கும்போது, பின்கட்டிலிருந்து பவுல்சாமியின் குரல் கேட்டது: "டேய் டோபி! துன்னது போதும், உள்ளே போடா!"

ஏகாம்பரம் மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். "இன்னாண்ணே, நான் இன்னா துன்னேன் உங்க வூட்ல?"

விஷயம் தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அன்றையிலிருந்து வந்தால் முதலில் கூண்டைத்தான் எட்டிப் பார்ப்பார். "என் பேர்க்காரன் எப்படிக் கீறான்?" என்று விசாரித்துவிட்டுத்தான் அழுக்குத் துணியை எண்ணுவார்.

இரண்டு முயலில் பான்சிதான் வாலு. கூண்டுக் கதவைப் பல்லால் நெம்பித் திறப்பதும், மர்சலின் புடவை முந்தானையைக் கடிப்பதும் அதன் வேலை. டோபி தாயை விட்டுப் பிரியாத பிள்ளை மாதிரி, பான்சி போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும். பான்சி கீரையில் வாய் வைத்தால்தான் இதுவும் வாய் வைக்கும். பான்சி படுத்தால் இதுவும் ஒட்டிப் படுத்து, அந்தக் கறுப்புக் காதை நக்கிக்கொண்டே கண்ணை மூடும்.

மறு வருஷம் கத்திரி வெயில் பொல்லாததாக இருந்தது. பவுல்சாமி கூண்டின் மேல் ஈரச்சாக்குப் போட்டார், மண்பானைத் தண்ணீரைத் தெளித்தார், பனை விசிறியால் விசிறிக்கூடப் பார்த்தார். ஆனாலும் ஒரு நாள் காலையில் அவர் கூண்டைத் திறந்தபோது பான்சி நீட்டிப் படுத்திருந்தது. உடம்பு விறைத்துவிட்டது. டோபி வழக்கம்போல அதை ஒட்டிப் படுத்து, அந்தக் காதை நக்கிக்கொண்டிருந்தது.

"மர்சலின்" என்று கூப்பிட்டார் பவுல்சாமி.

அவர் கடப்பாரையைத் தேடிப் போனார். மர்சலின்தான் தடுத்தாள். "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டுங்க. நம்ம வூட்ல ஒருத்தர் போனா ஒடனே தூக்கினு போயிடுவோமா? அதுவும் பாத்து முடிக்கட்டும்."

இருவரும் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். டோபி பான்சியின் முகத்தை மோந்து பார்த்தது. மூக்கால் தோளைத் தள்ளிப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி தள்ளிப் பார்த்தது. பிறகு ஏதோ தெரிந்துவிட்டது போல மெதுவாக நகர்ந்து, கூண்டின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம்தான் பவுல்சாமி பான்சியை ஒரு பழைய மேஜைத் துணியில் சுற்றி எடுத்தார். பின்சுவரோரம் நின்ற கல்யாண முருங்கை மரத்தடியில் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளும்போது கை தானாகச் சிலுவை போட்டது. வாய் பரலோக மந்திர ஜெபத்தை ஆரம்பித்துவிட்டது. மர்சலின் ஒரு மாதிரி பார்த்தாள். ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தினால் அது பெரிய பாவமாயிற்றே என்று அவர் முழுசும் சொல்லி முடித்தார்.

அன்றைக்கு டோபி ஒன்றும் தின்னவில்லை. கீரை வாடி, புல் காய்ந்து, எடுத்துப் போட வேண்டியிருந்தது. மறுநாளும் தலையைத் திருப்பிக்கொண்டது.

பவுல்சாமிக்குத் துக்கம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். அவர் வைத்த தட்டு தொடாமல் திரும்பி வந்த சரித்திரமே கிடையாது. அப்போது அவர் தேனாம்பேட்டையில் ஓர் ஆங்கிலோ-இந்தியர் விடுதியில் பகல் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "வீட்டில் ஒரு சாவு" என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். காரட்டை ரோஜாப்பூவாகச் செதுக்கினார். வெள்ளரிக்காயை ஊடுருவித் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவி விசிறி மாதிரி அடுக்கினார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, பீங்கான் தட்டில் வைத்து, ஓரத்தைத் துடைத்துக் கூண்டுக்குள் நீட்டினார்.

"அது இன்னா துரையா?" என்றாள் மர்சலின். "முயலுங்க. அதுக்குப் பசி இல்லே. பக்கத்துல ஆளு இல்லே, அதான் அதுக்கு நோவு. துரை கப்பலேறினப்போ நீங்களும் இப்படித்தான் மூலையில குந்திகினு இருந்தீங்க. நான் மட்டும் அப்போ பூ செதுக்கிப் போட்டேனா?"

"பின்னே இன்னா பண்ணே?"

"பக்கத்துல குந்திகினு இருந்தேன்."

பவுல்சாமி யோசித்தார். பிறகு பாயைக் கொண்டுவந்து கூண்டின் எதிரில் விரித்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டு, தொந்தியைத் தரையில் அமர்த்திக் குப்புறப் படுத்துக்கொண்டார். மர்சலின் பான்சி படுத்த சாக்கைத் துவைக்க எடுத்தபோது, "அத்த எடுக்காதே, அந்த வாசனைலதான் அது கொஞ்சம் தூங்குது" என்று பிடுங்கிப் பழைய இடத்திலேயே போட்டார். மர்சலின் தன் பங்குக்கு முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றி வந்து கூண்டுக்குள் சாய்த்து வைத்தாள். டோபி கண்ணாடிக்குள் இருந்த முயலை வெகு நேரம் பார்த்தது. பிறகு அதன் பக்கத்தில் போய் ஒட்டிப் படுத்துக்கொண்டது. அந்தக் கண்ணாடி திரும்பி வருகிற வரையில் பவுல்சாமி பித்தளைச் சொம்பைப் பார்த்துத்தான் சவரம் செய்தார், முகத்தில் அங்கங்கே கீறலோடு.

அருகம்புல்லை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, இங்க் ஃபில்லரால் உதட்டில் சொட்டு விட்டபோது டோபி நக்கிக்கொண்டது. அது ஒரு தைரியம். ஆனால் தானாக வாய் வைத்துத் தின்ன வேண்டுமே? படுத்தபடியே கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்த பவுல்சாமிக்கு, பான்சி தின்றால்தான் இதுவும் தின்னும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கொத்துமல்லித் தண்டை எடுத்தார். ஒரு முனையைத் தன் வாயில் வைத்து, மொறுமொறுவென்று சத்தம் வரக் கடித்தார். டோபியின் காது நிமிர்ந்தது. அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கடித்தார். டோபி ஓர் அடி வந்தது, நின்றது, இன்னோர் அடி வந்தது. மூக்கு படபடவென்று துடித்தது. கடைசியில் தண்டின் மறுமுனையைப் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏகாம்பரம் மூட்டையோடு பின்கட்டுக்குள் நுழைந்தார். பட்லர் பவுல்சாமி தரையில் கவிழ்ந்து படுத்திருக்கிறார். வாயில் தழை. அதே தழையின் மறுமுனையில் ஒரு முயல்.

"அண்ணே," என்றார் ஏகாம்பரம் கவலையோடு, "வூட்ல அரிசி தீந்து பூட்ச்சா?"

பவுல்சாமி பேசாதே என்று கையை ஆட்டினார். தழையை விடாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அதிலிருந்து அவர் கூடச் சேர்ந்து மென்றால் டோபியும் மெல்லும். நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். முள்ளங்கி இலை, கல்யாண முருங்கை, வாழைப்பட்டை, எல்லாவற்றையும் பவுல்சாமி ருசி பார்த்தார். "உப்பு கொஞ்சம் இருந்தா தேவலை" என்று சொல்லிக்கொண்டார். மர்சலின் மத்தியானம் வந்து, "உங்களுக்குச் சோறு வடிக்கவா, புல்லு அறுக்கவா?" என்று கேட்டாள்.

உயிர் பிழைத்துவிட்டது, சரி. ஆனால் இது நெடுநாள் ஓடுகிற காரியமா? விடுதியிலிருந்து ஆள்மேல் ஆள் வந்துவிட்டது. துக்கம் எப்போது முடியும் என்று கேட்டார்கள். அவர் வேலைக்குப் போன நேரத்தில் டோபி மூலைக்குப் போய்விடும். வழி சொன்னவர் ஏகாம்பரம்தான்.

"நீங்க எத்தினி நாளு இதுக்கு ஜோடியா இருப்பீங்க? ராயப்பேட்டையில நான் வெளுக்கிற வூட்ல ஒரு பீபி கீறாங்க. அஸ்மத்துன்னிசான்னு பேரு. ஜரிகைப் பூவேலை செய்றவங்க. கொல்லையில முயலா ஓடிகினு கீது. நம்மாளுக்கு ஒரு பொண்ணு கேட்டுப் பாக்கலாமே?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, பெண் கேட்கப் போகிறவர் மாதிரி பவுல்சாமி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டார். டோபியை மூடி போட்ட பிரம்புக் கூடையில் வைத்து, பான்சியின் சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளே போட்டார். ஏகாம்பரமும் கூட வர, லஸ்ஸில் டிராம் ஏறினார்கள். கண்டக்டர் கூடையைப் பார்த்தார்.

"உள்ளே இன்னா பெரியவரே?"

"மாப்ளே" என்றார் ஏகாம்பரம்.

கண்டக்டர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். டோபி அவரைப் பார்த்தது. "பாத்தா பரமசாதுவாக் கீது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்குப் போனார்.

அஸ்மத்துன்னிசாவுக்கு நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, வந்தவர்களை முற்றத்தில் உட்காரச் சொன்னார். பவுல்சாமி நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கொத்துமல்லி தின்றதை மட்டும் விட்டுவிட்டார். அதை ஏகாம்பரம் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு பின்னாடியே போயிடும் நைனா, எத்தினியோ பாத்துட்டேன்" என்று சொல்லி டோபியைக் கையில் வாங்கினார். மடியில் மல்லாத்தி, வயிற்றுப் பக்கம் மயிரை விலக்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடி பார்த்தார்.

"இது ஆம்பளைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"எங்க துரைசானி."

"உங்க துரைசானிக்கு முயலைப் பத்தி இன்னா தெரியும்? இது பொம்பளை!"

முப்பது வருஷம் முயல் சமைத்த மனிதர். ஆனால் எல்லாம் உரித்துக் கொண்டுவந்த முயல்கள்தானே? ஏகாம்பரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இவ்வளவு காலமாகக் குட்டி போடவில்லை என்பது பவுல்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. டோபியும் பான்சியும் அக்கா தங்கையாக இருக்க வேண்டும். பெண் கேட்க வந்தவர், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்போ உங்க வூட்ல மாப்பிள்ளை ஏதாவது கீதுங்களா?" என்று கேட்டார்.

இருந்தது. பயில்வான் என்று பேர். டோபியில் பாதிகூட இல்லாத கறுப்பு முயல். அண்ணன் தம்பிகளிடம் அடி வாங்கிக்கொண்டு தனியாகத் திரிந்ததால், கேலிக்கு வைத்த பேர் நிலைத்துவிட்டது.

"கூட்டினு போங்க. ஆனா நான் சொல்றபடி செய்யணும்" என்றார் அஸ்மத்துன்னிசா. "ஒடனே ஒரே கூண்டுல போட்டுடாதீங்க. பழைய ஜோடியோட வாசனை கீற எடத்துல புதுசா ஒருத்தன் நுழைஞ்சா அது கொன்னுடும். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பழக்குங்க. அப்புறம் ரெண்டுக்கும் சொந்தமில்லாத எடத்துல உடுங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "துரை வூட்ல கேரமல் புட்டிங்னு ஒண்ணு பண்ணுவாங்களாமே, தட்டுல கவுத்தா ஆடுமாமே. ஒரு தடவை துன்னு பாக்கணும்னு ஆசை" என்றார்.

சர்க்கரை தாராளமாகக் கிடைக்காத காலம். ஆனாலும் பவுல்சாமி, "நாளைக்கே வரும்" என்று வாக்குக் கொடுத்தார். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். அது தட்டில் ஆடியதைப் பார்க்க பீபியின் தெருவே கூடியதாம்.

ஆனால் முயலைப் பழக்குகிற விஷயத்தில் அந்த அம்மாள் சொன்னபடி அவர் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பயில்வானோடு வீடு வந்து சேர்ந்ததும் டோபி கூண்டுக்குள் போய்ப் பழையபடி மூலையைப் பார்த்து உட்கார்ந்தது. அவருக்கு மனம் தாங்கவில்லை. 'பாவம், இத்தனை நாள் தனியாக இருந்ததே, கொஞ்சம் முகம் பார்க்கட்டும்' என்று பயில்வானைத் தூக்கி உள்ளே விட்டார்.

மூலையில் இருந்த டோபி பந்து மாதிரி பாய்ந்தது. கறுப்பு மயிரும் பழுப்பு மயிருமாகக் கூண்டெங்கும் பறந்தது. உறுமல் ஒரு பக்கம், காலைத் தரையில் அடிக்கிற சத்தம் ஒரு பக்கம். பவுல்சாமி கையை நுழைத்து இழுத்தபோது பயில்வானுக்குக் காதில் ஒரு கடி, அவருக்குக் கட்டைவிரலில் ஒரு கடி.

"பீபி தெளிவாத்தானே சொன்னாங்க?" என்றாள் மர்சலின், மஞ்சள் அரைத்துக்கொண்டே.

"சொன்னாங்க."

"பின்னே?"

"அவசரப்பட்டுட்டேன்" என்றார் பவுல்சாமி. மஞ்சளில் பாதி பயில்வானின் காதுக்குப் போயிற்று.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தார். ஏலத்தில் யாரும் கேட்காமல் அவர் வீட்டுக்கு வந்த சாமான்களில், கறி வைக்கிற வலைக்கம்பி அலமாரி ஒன்று இருந்தது. ஈ நுழையாது, காற்று நுழையும். அதை டோபியின் கூண்டுக்கு எதிரே, மூக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துப் பயில்வானைக் குடி வைத்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டுக் கீரை, அந்தப் பக்கம் ஒரு கட்டுக் கீரை. டோபி படுத்த சாக்கைப் பயில்வானுக்கும், பயில்வான் படுத்ததை டோபிக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். பான்சியின் சாக்கை மட்டும் யாரும் தொடவில்லை. முதலில் டோபி கம்பியைப் பார்த்துக் காலால் அடித்தது. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. ஒரு நாள் பவுல்சாமி விடுதியிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. ஓடி வந்து எட்டிப் பார்த்தால், டோபி தானாகக் கீரை தின்றுகொண்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பயில்வானும் அதே வேகத்தில் தின்றுகொண்டிருந்தது. அவர் வாங்கி வந்த முள்ளங்கி இலை கையிலேயே இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று பிற்பாடு மர்சலினிடம் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம். ஏகாம்பரம் தன் வீட்டு முற்றத்தையே கொடுத்தார். சுற்றிலும் கொடியில் வெளுத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பெரிய ஜமக்காளத்தை விரித்து, இரண்டு முயலையும் ஆளுக்கொரு முனையில் விட்டார்கள். பவுல்சாமி கையில் கனத்த துணியைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றார்.

இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. பயில்வான் முன்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. டோபி ஜமக்காளத்தின் ஓரத்தைக் கடித்தது. "அது ஐயர் வூட்டுது, கடிக்க உடாதீங்க!" என்று ஏகாம்பரம் மெதுவாகக் கத்தினார். யாரும் நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பயில்வான் நடுவுக்கு வந்தது. டோபியும் வந்தது. மூக்கும் மூக்கும் தொட்டன. டோபி தலையைத் தாழ்த்தித் தரையோடு வைத்தது. தரையில் மோவாய் படியக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே காத்திருந்தது. அந்தச் சின்னக் கறுப்பு முயல் அதன் நெற்றியை நக்க ஆரம்பித்தது. பிறகு காதை.

அதுவரைக்கும் டோபிதான் பான்சியின் காதை நக்கிவிடும். அதன் காதை யாரும் நக்கிப் பவுல்சாமி பார்த்ததில்லை.

"முடிஞ்சிது. தாலி கட்டியாச்சு" என்றார் ஏகாம்பரம். பவுல்சாமி கையில் சுற்றியிருந்த துணியால் மூக்கைச் சிந்தினார். அதுவும் வெளுத்து வைத்த துணிதான். ஏகாம்பரம் அன்றைக்குப் பெரிய மனசு பண்ணி ஒன்றும் சொல்லவில்லை.

கூண்டைச் சுத்தமாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, இடத்தை மாற்றி வைத்தார்கள். பான்சியின் சாக்கை மர்சலின் மடித்துப் பரண்மேல் போட்டாள். டோபி அதைத் தேடவில்லை. இரண்டும் ஒன்றாகத் தின்றன, ஒன்றாகத் தூங்கின. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, மாதா பிறந்த நாள் நெருங்குகிற சமயத்தில் மறுபடி ஒரு கலவரம்.

டோபி தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு கூண்டுக்குள் அலைந்தது. பயில்வான் கிட்டே போனால் விரட்டியது. பவுல்சாமி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பான்சி நெனப்பு வந்துட்டுது மர்சலின். துக்கம் உள்ளேயே இருந்திருக்கு. இப்போ மயிரைப் பிச்சுக்குது பாரு!"

மர்சலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு டிராமுக்கு ஓடினார். ராயப்பேட்டையில் அஸ்மத்துன்னிசா ஊசியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"வைக்கோல் கவ்விகினு சுத்துதா?"

"ஆமா பீபி."

"மயிரைப் பிச்சு எங்க போடுது? எல்லா எடத்துலயும் போடுதா, ஒரே மூலையிலயா?"

பவுல்சாமி யோசித்தார். "ஒரே மூலையில."

இந்தத் தடவை அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நைனா, அதுக்குத் துக்கமும் இல்லே, ஒண்ணும் இல்லே. அது தொட்டில் கட்டுது! வூட்டுக்குப் போங்க. போயி அந்தப் பயில்வானைத் தனியாப் பிரிச்சு வைங்க. இல்லேன்னா அடுத்த மாசமும் இதே கதைதான்."

அவர் வீடு திரும்பியபோது மர்சலின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் விரலை வைத்து, பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். மூலையில் பழுப்பு மயிர் மெத்தை. அதற்குள் ஏதோ அசைந்தது. அவர் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். கண் திறக்காத, மயிர் முளைக்காத, ரோஜா நிறத்துக் குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. டோபி பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக முள்ளங்கி இலை தின்றுகொண்டிருந்தது.

"சேசுவே!" என்றார் பவுல்சாமி. "இத்த எப்படி எண்றது?"

"எண்ணாதீங்க. கண்ணு படும்" என்றாள் மர்சலின்.

குட்டிகளுக்கு மயிர் வந்து, துள்ளி ஓடுகிற பருவம் வந்ததும் செய்தி பரவிவிட்டது. முதலில் வந்தவர்கள் மசாலா நினைப்போடு வந்தார்கள். பட்லர் பவுல்சாமி வீட்டில் முயல் என்றால் வேறு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். விடுதியில் ஒருவர், வருகிற கிறிஸ்துமஸுக்கு அந்தப் பழைய ரோஸ்ட் போட முடியுமா என்று கேட்டார். "கை மறந்துட்டுது சார்" என்று பவுல்சாமி கூசாமல் பொய் சொன்னார்.

வளர்க்க வந்தவர்களை மட்டும் உட்கார வைத்துப் பேசினார். வீட்டில் நாய் உண்டா, வெயில் விழாத இடம் உண்டா, கத்திரியில் ஈரச்சாக்குப் போட ஆள் உண்டா என்று பெண்ணைக் கொடுக்கிற தகப்பன் மாதிரி விசாரித்தார். ஒரு நாள் லஸ்ஸிலிருந்து ஒரு வக்கீல் வீட்டம்மாள் ரிக்ஷாவில் வந்து இறங்கினாள். வெள்ளையாக இருந்த குட்டி ஒன்றைக் கை காட்டினாள்.

"இது ஒண்ணு போறும் எனக்கு. குழந்தை விளையாடணும்ங்கறான்."

"ஒண்ணாத் தரமாட்டேம்மா. ரெண்டு எடுத்துக்குங்க."

"ஆத்துல எடமில்லைங்கறேன். ரெண்டை வெச்சிண்டு நான் என்ன பண்றது?"

"ஒண்ணை வச்சிகினு நீங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் பவுல்சாமி. "பக்கத்துல குந்தி நீங்களும் புல்லுத் துன்னணும். நான் துன்னிருக்கேன். ருசியாவே இருக்காது."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மர்சலினைப் பார்த்தாள். மர்சலின், "நெசந்தாம்மா, அவரு சொல்றது" என்றாள். கொஞ்ச நேரம் தர்க்கம் நடந்தது. கடைசியில் வெள்ளைக் குட்டியும், அதை ஒட்டியே படுத்திருந்த கறுப்புக் குட்டியும் ஒரே கூடையில் ரிக்ஷா ஏறின.

வண்டி சந்து முனை திரும்புகிற நேரத்தில் பவுல்சாமிக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. தொந்தி குலுங்கப் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா! கீரையை ஈரத்தோட போடாதீங்க, வயிறு ஊதிக்கும்! ஒதறிப் போடுங்க! ஒதறி!"